மலையும் ஆறும் தாளில் ஏறிய கதை



கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885-ஆம் ஆண்டில் பேராக், பகாங் எல்லைக் காடுகளில் அளவெடுக்கச் சென்ற அவர், மலைகள் சூழ்ந்த உயர்ந்த சமவெளி ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆனால், அதை வரைபடத்தில் தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. அவர் கண்ட இடம் எது என்று பின்வந்தவர்கள் தேட வேண்டியதாயிற்று. 1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பிறகே அங்கே ஊர் அமைக்கும் வேலை சூடுபிடித்தது. கண்டால் மட்டும் போதாது. தாளில் பதிந்தால்தான் பிறருக்குப் பயன்படும்.

மேடு பள்ளத்தைத் தட்டையான தாளில் எப்படிக் காட்டுவது? வீட்டிலேயே செய்து பார்ப்போம். ஒரு சட்டியில் களிமண்ணை மலைபோல் குவியுங்கள். ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பை ஈர்க்குச்சியால் கீறுங்கள். இன்னொரு விரல் ஊற்றி, மறுபடியும் கீறுங்கள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து பாருங்கள். வளையம் வளையமாகத் தெரிகிறதல்லவா? அவையே சம உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமநிலம். ஆற்றைக் கடக்கும்போது கோடு வளைந்து, அதன் கூர்முனை ஆறு வரும் மேற்பக்கத்தைக் காட்டும்.

இதனால் நமக்கென்ன பயன்? பெர்த்தாம் ஆற்றைப் பாருங்கள். ரிங்லெட்டில் 1963-இல் அதன் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைக்குக் கீழே நீர் குறைந்தது. கரையோரச் சமநிலத்தில் வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் எழுந்தன. 2013 அக்டோபர் 23-இல், கனமழையால் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆறு மெலிந்தாலும் பள்ளம் பள்ளமே. கோடுகள் விலகியிருக்கும் கரையோரம், வெள்ளம் பரவும் இடம்.

ஆகவே, ஆற்றோரம் மனை வாங்குமுன் விலையை மட்டும் கேளாதீர்கள். வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடுகளை விரலால் தொடர்ந்து பாருங்கள். அடுத்த பேச்சில் சந்திப்போம்.