ஓடும் குதிரைக்கு எத்தனை கால்?

சாலை ஓரம் நிற்கிறீர்கள். எதிரே ஒரு லாரி வேகமாக வருகிறது. ஒரே புழுதி. கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறது. அதன் எண் என்ன? ஓட்டியவரின் முகம் எப்படி இருந்தது? சொல்ல முடியாது. ஆனால் அந்த வேகம் மனதில் நிற்கும். நெஞ்சு திக்கென்றதும் மறக்காது.

இதே அனுபவத்தைப் படமாக வரைந்தார் ஓர் ஓவியர். அவர் வரைந்தது லாரியை அல்ல, குதிரைகளை. அவர் பெயர் எதுவார் மனே. பிரான்சு நாட்டுக்காரர்.

பாரிஸ் நகரில் லோங்ஷான் என்ற குதிரைப் பந்தய மைதானம் 1857-இல் திறக்கப்பட்டது. அங்கே நடந்த பந்தயத்தைத்தான் மனே வரைந்தார். படத்தில் 1866 என்று ஆண்டு குறித்திருக்கிறார். இப்போது அது அமெரிக்காவில், சிகாகோ நகர ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

படம் சிறியதுதான். உயரம் ஒன்றரை அடி. அகலம் மூன்று அடிக்கும் குறைவு. பந்தயத்தை வரைபவர்கள் பொதுவாகப் பக்கவாட்டிலிருந்து வரைவார்கள். மனேவோ நம்மை ஓடுபாதையின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்! குதிரைகள் நேராக நம் மேல் பாய்ந்து வருகின்றன.

கிட்டே போய்ப் பார்த்தால் குதிரைகளின் கால்களை எண்ண முடியாது. சவாரி செய்பவர்களுக்குக் கண்ணும் மூக்கும் இல்லை. ஓரத்தில் நிற்கும் கூட்டம் வெறும் வண்ணத் திட்டுகள். நாலடி பின்னால் வந்து பாருங்கள். எல்லாம் ஓடத் தொடங்கிவிடும்.

இது அரைகுறை வேலையா? அன்று பலர் அப்படித்தான் நினைத்தார்கள். மனேவைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஓவியர்கள் 1874-இல் பாரிஸில் கண்காட்சி நடத்தினார்கள். அவர்களுக்கு 'இம்ப்ரஷனிஸ்ட்' என்று கேலிப் பெயர் கிடைத்தது. பார்த்த நொடியில் மனதில் பதிவதை வரைபவர்கள் என்று பொருள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, கால்களைத் தெளிவாக வரைந்தவர்கள் சரியாக வரைந்தார்களா? ஜெரிகோ என்ற பெரிய ஓவியர் 1821-இல் ஒரு பந்தயத்தை வரைந்தார். அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்கின்றன. பலரும் அப்படியே வரைந்து வந்தார்கள்.

1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகப் பல கேமராக்களை வைத்தார். ஓடும் குதிரையை அடுத்தடுத்துப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையில் படாத நொடி உண்டுதான். ஆனால் அந்த நொடியில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருந்தன!

பார்த்துப் பார்த்து வரைந்த கால்கள் எல்லாம் தப்பாகிவிட்டன. மனேவின் படத்தில் மட்டும் குறை சொல்ல ஒரு காலும் அகப்படவில்லை. எல்லாம் புழுதிக்குள் இருக்கின்றன.