நின்ற ஹிருதயமும் சூழ்ந்த கூட்டமும்

பொதுக்கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்கள் இந்தக் காட்சியை ஒரு முறையேனும் கண்டிருப்பார்கள். வெயிலிலோ நெரிசலிலோ ஒருவர் திடீரெனச் சாய்கிறார். உடனே நூறு பேர் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். ஒருவர் முகத்தில் நீர் தெளிக்கிறார். மற்றொருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார். ஏனையோர் "காற்று விடுங்கள்" என்று கூவிக்கொண்டே காற்றை மறித்து நிற்கின்றனர். வந்தது வெறும் மயக்கமாயின் அவர் சற்று நேரத்தில் தாமே எழுந்து விடுவார். அவருடைய ஹிருதயமே நின்று போயிருக்குமாயின், அக்கூட்டத்தின் அன்பெல்லாம் அவருக்கு ஒரு தம்பிடிக்கும் பயன்படாது.

ஹிருதயம் நின்ற கணமே மூளைக்கு இரத்தம் செல்வது நின்று போகிறது. 4 முதல் 6 நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும் என்பது வைத்திய சாஸ்திரிகளின் கணக்கு. 108 வண்டி எத்துணை விரைந்து வரினும், நெரிசல் மிக்க நம் வீதிகளைக் கடந்து அந்தச் சில நிமிஷங்களுக்குள் வந்து சேருமென்று யார் உறுதி கூறவல்லார்? ஆதலின், விழுந்தவருக்கு முதல் வைத்தியர் ஆஸ்பத்திரியில் இருப்பவரல்லர், பக்கத்தில் நிற்பவரே.

பக்கத்தில் நிற்பவர் செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்கு நெடுங்காலம் சரியான விடை இல்லாதிருந்தது. பழைய முதலுதவிப் புத்தகங்கள் மூச்சற்றவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தவும், கைகளைத் தூக்கித் தாழ்த்தவும் போதித்தன. அம்முறைகளால் போதிய காற்று உட்செல்வதில்லை என்பதையும், வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலென்பதையும் 1950-களில் அமெரிக்காவில் பீட்டர் சாபர் முதலிய வைத்தியர்கள் பரிசோதித்து நிரூபித்தனர். 1960-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவரும், மார்பைப் பிளக்காமலே வெளியிலிருந்து அமுக்கி இரத்தத்தை ஓடச் செய்யலாமென வெளியிட்டனர். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று சி.பி.ஆர். என வழங்கும் உயிர் மீட்பு முறை. இதற்கு வேண்டிய கருவி இரண்டு கைகளே.

அம்முறையைச் சொல்லுவோம். முதலில் தோளைத் தட்டி உரக்க அழைக்க வேண்டும். பதிலில்லையேல், மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேற்படாமல் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வரும் திணறல் மூச்சை உயிர் மூச்சென எண்ணி ஏமாறலாகாது; பலர் இதனாலேயே காலத்தை இழக்கின்றனர். உடனே ஒருவரைக் குறிப்பிட்டுச் சுட்டி, 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். "யாராவது அழையுங்கள்" என்றால் ஒருவரும் அழையார். பிறகு விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் உடற்பாரத்தால் அமுக்க வேண்டும். வளர்ந்தவர்க்கு ஆழம் 5 செண்டிமீட்டர். 6-க்கு மேல் வேண்டாம். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ விட வேண்டும். அப்போதுதான் ஹிருதயத்தில் மறுபடி இரத்தம் நிரம்பும். பயிற்சி பெற்றவர் 30 அமுக்கலுக்கு 2 முறை வாய்வழி ஊதலாம். பயிலாதவரும், ஊதத் தயங்குபவரும் இடைவிடாது அமுக்கினாலே பேருதவி. நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சூட்டுதல் இன்றியமையாதது. இரண்டு நிமிஷங்களில் கை ஓயும். ஆள் மாற வேண்டும். மின்னதிர்ச்சிக் கருவி அருகில் இருக்குமாயின் உடனே தருவித்து, அது கூறும்படி நடக்க வேண்டும்.

ஒரு தேசம் முழுவதும் இதைக் கற்க முடியுமா என்று ஐயுறுவோர் டென்மார்க்கைப் பார்க்கட்டும். அச்சிறு நாடு 2005-ல் பள்ளிக்கூடங்களில் இதைக் கட்டாயப் பாடமாக்கிற்று. மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் பெறுவோரும் இதைப் பயில வேண்டுமென மறுவருஷம் விதித்தது. 2001-ல் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஹிருதயம் நின்று விழுந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தோர் உதவினர். 2010-ல் அது 45 ஆயிற்று. அதே காலத்தில், முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 3.5-லிருந்து 10.8 ஆயினர். சிகிச்சையில் நேர்ந்த பிற அபிவிருத்திகளுக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும் சாமானிய ஜனங்களின் கைகள் செய்த கைங்கரியத்தை யாரும் மறுக்க இயலாது.

அந்நாட்டின் தலைநகரில் 2021 ஜூன் 12-ந் தேதி, உலகமே பார்த்திருக்க, கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்ட மைதானத்தில் விழுந்தார். வைத்தியர்கள் ஓடி வந்தபோது மூச்சும் நாடியும் இருந்தன, அடுத்த கணங்களில் அவை மாறின, உடனே மார்பை அமுக்கத் தொடங்கினர், மின்னதிர்ச்சி கொடுத்தனர். அவர் உயிர் பிழைத்தார்; மறுவருஷமே ஆட்டத்துக்குத் திரும்பினார். அங்கும் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்து நின்றது. ஆனால் அந்தச் சகவீரர்கள் வைத்தியருக்கு இடம் விட்டு, வெளிப்புறம் நோக்கி அரணாக நின்றனர். சூழ்ந்து நிற்பதிலும் இருவகை உண்டென்பதை நாம் அறிதல் நன்று.

நம்மவர் கூறும் தடைகள் சில உண்டு. விலா எலும்பு முறிந்துவிடுமே என்பர். முறியலாம், முறிந்த எலும்பு கூடும், போன உயிர் மீளாது. போலீஸும் கோர்ட்டும் வருமே என்பர். சாலை விபத்தில் அகப்பட்டோருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைத் துன்புறுத்தலாகாதென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. புத்தகத்தில் படித்தால் போதாதா என்பர். போதாது. நீந்துவதைக் கரையிலிருந்து கற்றவர் உண்டோ? 5 செண்டிமீட்டர் எவ்வளவென்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். இதற்கெனவே நார்வே தேசத்துப் பொம்மை வியாபாரி ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் பயிற்சிப் பொம்மையை உண்டாக்கினார். ஒரு தடவை பயின்றதும் சில மாதங்களில் மறந்து போகுமாதலால் மீண்டும் மீண்டும் பயில வேண்டும்.

பொதுப்பணியில் ஈடுபட்ட நண்பர்களே! கொடி கட்டவும் பந்தல் போடவும் தொண்டர்களை நியமிக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஊர்வலத்திலும் உயிர் காக்கத் தெரிந்த பத்துப் பேரையேனும் நியமித்தாலென்ன? செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கமும் முதலுதவி கற்பிக்கின்றன. அவர்களை அழைத்து, அரைநாள் ஒதுக்கி, பொம்மையின் முன் மண்டியிட்டுப் பயிலுவோமாக. அடுத்த முறை ஒருவர் நம் நடுவே விழும்போது, சோடாவுக்கு ஓடும் கால்களைவிட, மார்பின் மேல் வைக்கத் தெரிந்த கைகளே அவருக்கு வேண்டியவை.