ஒரு நூல் தப்பிய பந்து

கோவை கணபதியில் டெக்ஸ்டூல் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் நூல் கணக்குப் பேசுகிறவர்கள் உண்டு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அது பிசகினால் அன்றைய உழைப்பு பழைய இரும்புக்குப் போகும். கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கின் கதையை இவர்களுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபின் கடைசி நாள். கோல்ஃப் மட்டையைக் கண்ணால் பார்த்திராத வீடுகளிலும் அன்று காலையிலேயே டிவி ஓடியது. உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்திலிருந்த பெங்களூருப் பெண் பதக்கத்துக்குப் பக்கத்தில் நின்றார். 18ஆவது குழிக்கு அவர் தட்டிய பந்து விளிம்பைத் தாண்டிப் போனது. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், நான்கு நாளில் அவர் அடித்தது 269 அடி. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவரும் 268. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 267. அதிதிக்கு நான்காம் இடம். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்க, நாடு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த நான்கு நாளும் அவருடைய மட்டைப் பையைச் சுமந்தவர் அம்மா மகேஸ்வரி. 2016 ரியோவில் சுமந்தவர் அப்பா. பந்தைத் தொலைவுக்கு விரட்டுவதில் அதிதி பின்வரிசைதான். 2021இல் கொரோனாவும் தாக்கி, இருந்த வலுவையும் குறைத்திருந்தது. அவரைத் தூக்கி நிறுத்தியது குழியைச் சுற்றிய 'கிரீனில்' அவர் பந்தைக் குழிக்குத் தட்டும் பதமான 'பட்'. அது பல ஆண்டுப் பழக்கத்தில் மட்டுமே கைக்கு வருவது.

பழக்கம் தொடங்கியது ஐந்தரை வயதில், கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில். 13 வயதில், அமெச்சூராகவே உள்நாட்டுத் தொழில்முறைப் போட்டியொன்றை வென்றார். 2016 பிறந்தபோது தொழில்முறை வீராங்கனை. அந்த வருடமே பள்ளி இறுதித் தேர்வு, அதன்பின் 18 வயதில் ஒலிம்பிக். நவம்பரில் குருகிராமில் இந்திய ஓப்பனை வென்று, ஐரோப்பியப் பெண்கள் சுற்றில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அடுத்த வருடம் அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றுக்குள் நுழைந்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பகட்டான வாழ்க்கை. ஆனால் இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. விமானம், தங்குமிடம், பை சுமக்கும் 'கேடி'யின் கூலி எல்லாம் சொந்தச் செலவு. பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் 'கட்' விழும். அதற்குக் கீழே போனால் பரிசுப் பணமே இல்லாமல் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒலிம்பிக் வருடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் நமக்கு இந்த வாரங்கள் கண்ணில் படுவதில்லை.

நம் செட்டிபாளையத்திலும் 18 குழி மைதானம் இருக்கிறது. கணபதியிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்தால் போய்விடலாம். ஆனால் ஒரு சிறுமி தினமும் அங்கே போய்ப் பழக, வீட்டில் ஒருவர் தன் காலை வேளைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். மட்டைகளுக்கும் பணம் வேண்டும். அதிதிக்குப் பெற்றோர் இருவருமே அதைச் செய்தார்கள்.

2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய அதிதி 77 அடித்துத் தங்கத்தை இழந்தார். அப்படியும் ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்தச் சறுக்கலைப் பற்றி இங்கே எல்லோரும் பேசினார்கள். எட்டு வாரம் கழித்து ஸ்பெயினில், அந்நாட்டு ஓப்பன் பட்டத்தை அதிதி வென்றார்.