ரயில் மோதி இறந்த காவலர்: விபத்துக் கணக்கில் போகும் வீரம்

அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளில் வாசிக்கும், பணியில் உயிர்நீத்தோர் பட்டியலுக்குக் கணக்கு ஆகஸ்ட் 31-ம் தேதியோடு முடிகிறது. கெடு நெருங்க, எனக்கு வரும் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்தும் எழுதுகிறார்கள். தண்டவாளம் ஏறாத மலை அது. கீழே நாமக்கல்லுக்கே 2013-ல்தான் ரயில் வந்தது. ஆனால் 2024-ல் ரயில்வே பாதுகாப்புப் படை 4,208 காவலர் பணியிடங்களை அறிவித்தபோது விண்ணப்பித்த பிள்ளைகளின் பெற்றோர் அங்கேயும் இருக்கிறார்கள். பணியில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரசு என்ன செய்யும் என்பதே அவர்கள் கேள்வி.

உரிய உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்த ‘உரிய’ எப்படி முடிவாகிறது என்பதில்தான் எனக்கு உறுத்தல்.

2021 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பர்வாரி ரயில் நிலையத்தில், தண்டவாளத்தில் நின்ற பெண்ணைக் காப்பாற்றப் போன ரயில்வே பாதுகாப்புப் படைத் தலைமைக் காவலர் ஞான் சந்த் ரயிலில் அடிபட்டு இறந்தார். அடுத்த மாதமே தில்லி ஆதர்ஷ் நகர் – ஆசாத்பூர் இடையே, ஒரு பெண்ணையும் குழந்தைகளையும் காப்பாற்றிய காவலர் ஜக்பீர் சிங் ராணாவும் அப்படியே போனார். இருவருக்கும் மறைவுக்குப் பின் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தது அரசு.

இனி, பணியில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் கருணைத்தொகையின் அட்டவணைக்கு வருவோம். 2016-ல் மத்திய அரசு வகுத்தபடி, பணியின்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம் ரூபாய். பயங்கரவாதிகள், சமூக விரோதிகளின் வன்முறையில் இறந்தாலும் 25 லட்சம். எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ என்றால் 35 லட்சம். போரில் எதிரியால் என்றால் 45 லட்சம். உயிர் காக்கப் போய் உயிர் விட்டவருக்கென்று தனி வரி இல்லை. ரயில் மோதி இறந்தவருக்கு மிஞ்சுவது ‘விபத்து’ என்ற வரிதான்.

அதாவது, கொன்றது எது என்றுதான் அட்டவணை பார்க்கிறது. இறந்தவர் அந்த நொடியில் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை. கால் தவறி விழுந்தவரும், ஆபத்து தெரிந்தே தடத்தில் இறங்கியவரும் அதன் கண்ணுக்கு ஒன்று. பதக்கத்தில் வீரம் என்று ஒப்புக்கொண்ட அரசு, பணம் எண்ணும்போது மட்டும் அதை மறப்பது எந்த நியாயம்? அட்டவணையில் இன்னொரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. அதுவரை, மரணம் எப்படி நேர்ந்தது என்று முதல் அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் குடும்பத்தார் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், சீருடை. 2008 மும்பை தாக்குதலில் சிஎஸ்டி நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆய்வாளர் சஷாங்க் ஷிண்டே ரயில்வே பாதுகாப்புப் படையினர் அல்ல, மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ரயில்வே போலீஸ்காரர். அதனால் மகாராஷ்டிர அரசின் ஆள். அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது தில்லியிலிருந்து வந்தாலும், இப்படிப்பட்டவர்களின் குடும்பத்துக்கு உதவி மாநில விதிகளின்படிதான். ரயில்வே போலீஸ் செலவில் பாதியை ரயில்வே ஏற்றாலும் இதில் மாற்றமில்லை.

மற்ற கேள்விகள்:

வாரிசுக்கு வேலை உண்டா? கருணை அடிப்படையில் ரயில்வேயில் உண்டு.

ரயில்வே பாதுகாப்புப் படை ஆயுதப்படைதானா? 1985 சட்டத் திருத்தப்படி ஆம். ஆனால் உள்துறையிடம் இல்லை, ரயில்வே அமைச்சகத்திடம் இருக்கிறது.

பெயர்களை எங்கே பொறிக்கிறார்கள்? தில்லி சாணக்யபுரியில் 2018-ல் திறந்த தேசியக் காவலர் நினைவகச் சுவரில்.

செப்டம்பர் 1-ல் இறந்தவர்? அடுத்த ஆண்டுப் பட்டியலில்.