கம்பெனி செட்டைக் கழற்றும் முன்

சித்தையன்கோட்டைப் பக்கம் காரில் ரேடியோவைப் போட்டால் கோடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ், கணீரென்று பிடிக்கும். கொடைக்கானல் மலைமேலிருந்து வரும் அலை என்பதால் ஆத்தூர், செம்பட்டி, வத்தலக்குண்டு என்று சமவெளியில் அதற்குத் தடையே கிடையாது. ஆனால் ஆசையாக ஒரு டச் ஸ்கிரீன் செட் மாட்டிய மறுநாளே அதே நிலையம் கரகரவென்று இரைவதுண்டு. கடைக்காரர் சிக்னல் சரியில்லை என்பார். பெரும்பாலும் காரணம் டேஷ்போர்டுக்குப் பின்னால் சும்மா தொங்கும் ஒரு நீல வயர்.

இப்போதைய கார்கள் பலவற்றில் கூரைமேல் இருப்பது குட்டை ஆன்டெனா. அதன் அடியிலேயே சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு; அதற்கு 12 வோல்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். கம்பெனி செட் அதைத் தானாகக் கொடுத்துவிடும். வெளிச் செட்டில் அந்த மின்சாரம் நீல வயர் வழியாக வருகிறது. அதை இணைக்க ஐந்து நிமிடம் போதும்.

ஜப்பானில் விற்ற பழைய செட்டை மலிவாக வாங்குபவர்களுக்கு வேறொரு சிக்கல். அங்கே எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. பழைய செட்டுகள் பல 90-லேயே நின்றுவிடும். 100.5-ஐ அவை தொடவே தொடாது. ஜப்பானிய பழைய கார்கள் நிறைய ஓடும் இலங்கையில் இதற்காகவே ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சிறு பெட்டியை ஆன்டெனா வயரில் கோத்துவிடுகிறார்கள்.

செட் மாற்றுவது புதுப் பழக்கமல்ல. 1930-இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் விற்ற ‘மோட்டோரோலா’ ரேடியோவே, வாங்கிய காரில் பிறகு கொண்டுபோய் மாட்டிக்கொள்ளும் சரக்குதான். பின்னாளில் ஜெர்மனி வகுத்த ‘டின்’ அளவு உலகம் முழுக்கப் பரவியது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் உயரம் 100. டொயோட்டா கார்கள் பலவற்றில் பொந்து 200 மில்லிமீட்டர் அகலம். பக்கவாட்டில் ஃப்ரேம் வைக்காவிட்டால் இரண்டு ஓரமும் இளித்துக்கொண்டு நிற்கும்.

ஃப்ரேம் கண்ணுக்குத் தெரியும் விஷயம். முழு வேலையின் தரமும் கண்ணுக்குத் தெரியாத வயரிங்கில் இருக்கிறது. வெளிச் செட்டுகளில் பரவலாக ஒரே நிற வரிசைதான். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட் நேரத்தையும் நிலையத்தையும் மறந்துவிடும். இரண்டையும் சேர்த்து முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டாலோ, செட் ஒருபோதும் முழுதாக உறங்காது. ஊரில் இல்லாதவரின் கார் சில வாரம் ஷெட்டில் நின்றால் பேட்டரி செத்துப்போயிருக்கும்.

கார் மாடலுக்கென்று விற்கும் கப்ளரை வாங்கினால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் காரின் வயரிங்கில் சொருகும், மறுபக்கம் செட்டில் சொருகும். ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துத் திரை வாங்குபவர் இந்தச் சிறு செலவுக்குத் தயங்கி, கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்ற விடுவது பெரிய தவறு. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகும், ஜாயின்ட் திறந்துகொள்ளும். எலக்ட்ரிக்கல் வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் 50 வாட் x 4 என்பதை அப்படியே நம்ப வேண்டாம். செட்டின் முதுகைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் என்றிருக்கும். ஓடும் வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் உள்ளே போகும் மின்சாரமே 144 வாட்தான். அதில் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தி ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற பெயரில் கையேட்டில் இருக்கும்; ஸ்பீக்கர் ஒன்றுக்கு 15 முதல் 22 வாட் வரை இருந்தால் அது நேர்மையான செட்.

எனவே ஒலி நன்றாக வேண்டும் என்பவர் முதலில் தொட வேண்டியது முன்கதவு ஸ்பீக்கர்களை. குரல் காதுக்கு வருவது அங்கிருந்துதான். கம்பெனி செட்டை அப்படியே வைத்து, நல்ல ஸ்பீக்கரை மாற்றி, கதவுத் தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டினாலே பாட்டு வேறு மாதிரி கேட்கும். ரிவர்ஸ் கேமராவும் ஏசியும் கம்பெனித் திரையோடு பிணைந்திருக்கும் புதிய கார்களுக்கு இதுவே சரியான வழி. ஆம்ப் வைக்க ஆசைப்பட்டால் ஹை-லோ கன்வெர்ட்டர் போட்டு அதே செட்டிலிருந்து ஒலியை எடுக்கலாம். ஆம்புக்கான தடித்த வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது தீப்பிடிக்கும்.

வெளிச் செட்டே மாட்டுவதென்றால், ஹேண்ட்பிரேக்குக்கென்று வரும் வயரிலும் கவனம் வேண்டும். வண்டி நகரும்போது திரையில் படம் ஓடாமல் தடுப்பது அதுதான். அதை எர்த்தில் கொடுத்துத் தடையை நீக்கித் தரச் சொல்லி வாடிக்கையாளரே கேட்பதுண்டு. கேட்காதீர்கள்; திண்டுக்கல் சாலையில் ஓட்டுநரின் கண் ஒரு நொடி திரைக்குப் போனாலும் ஆபத்து.

வேலை முடிந்ததும் பில்லை வாங்கி, இன்ஷூரன்ஸ் பாலிசியில் எலக்ட்ரானிக் பொருளாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத செட் திருடுபோனால் இழப்பீடு கேட்பது கடினம். கழற்றிய கம்பெனி செட்டையும் அதன் ஃப்ரேமையும் கடையிலேயே விட்டுவர வேண்டாம். காரை விற்கும் நாளில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, புதுச் செட்டை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.