ஊரமைப்புக் கல்வியும் நம் பிள்ளைகளும்

நெசவாளருக்குப் பாவின் கணக்கை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இழை எத்தனை, நீளம் எவ்வளவு, கரை எங்கே என்பனவற்றைத் தறியில் ஏற்றுமுன்னரே அவர் வகுத்துக்கொள்கிறார். ஏற்றிய பின் மாற்றுவது எளிதன்று. ஊரும் அத்தகையதே. சாலை, குடியிருப்பு, ஆலை, நீர் வடியும் வழி ஆகியவற்றை முன்கூட்டி வகுக்காமல் எழும்பிய ஊரைப் பின்னர்த் திருத்துவது பெரும்பாடாகும். இவ்வாறு வகுக்கும் திறனைக் கற்பிக்கும் பட்டப்படிப்பொன்று இன்று நம் நாட்டில் உள்ளது. நகர, வட்டாரத் திட்டமிடல் பற்றிய இளநிலைப் பட்டமாகிய அதனைச் சுருக்கமாக பி.பிளான். என்பர்.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில், "பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?" என்று அங்கத்தினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்ற மூன்றுக்கு அப்பால் அப்பேச்சு பெரும்பாலும் செல்வதில்லை. ஆகவே இப்படிப்பைக் குறித்துச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

நெசவாளருக்கும் நகரமைப்புக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. திருவொற்றியூரில் இன்று காலடிப்பேட்டை என்று வழங்கும் பகுதி, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்ற அமைத்த காலெட்பேட்டையே ஆகும். 1734-ஆம் ஆண்டில் கவர்னர் பிட் காலத்தில் தோன்றிய சின்னத்தறிப்பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. துணி வாணிபம் செழிக்க வேண்டித் தறிக்காரர்களுக்கென்று கும்பினியார் ஊர்களை வகுத்தனர். ஆனால் வகுத்தவர் ஒருவர், அதில் வாழ்ந்தவர் வேறொருவர். இந்நிலை பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

வடசென்னையின் வரலாற்றைப் பாருங்கள். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கலாயிற்று. 2017-இல் அது மூடப்பட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. இவை ஒவ்வொன்றும் நாட்டுக்குப் பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், ஆலை, குடியிருப்பு, முகத்துவாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதன் விளைவை 2023 டிசம்பரில் கண்டோம். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் எண்ணெய்ப் படலத்தில் தோய்ந்தன.

உழவர்கள் இதனை நகரத்தாரின் தொல்லை என்று கருதிவிடலாகாது. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர், நகரத்தின் தேவைக்கும் ஆலைகளின் தேவைக்கும் பல ஆண்டுகள் மிகுதியாக இறைக்கப்பட்டது. நல்ல நீர் தாழவே, கடல்நீர் நிலத்தினுள் புகுந்து கிணறுகள் உவர்த்தன. நகரம் குடிக்கும் நீர் உழவரின் நிலத்தடியிலிருந்து வருகிறது. ஆகையால் நகரத்தை மட்டும் தனியே எடுத்துத் திட்டமிட இயலாது. கல்வியின் பெயரிலேயே 'வட்டாரம்' என்ற சொல் இடம்பெற்றிருப்பதன் பொருள் இதுவே.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஸ்காத்லாந்து அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், 1915-இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். முதலில் ஊரை நடந்து ஆராய வேண்டும், பின்னரே கோடு கிழிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

பி.பிளான். நான்காண்டுப் படிப்பு. நில அளவை, வரைபடம், புள்ளியியல், பொருளாதாரம், போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல், சட்டம் ஆகியவை பாடங்கள். மாணவர் ஓர் ஊரையோ பகுதியையோ நேரிற் சென்று ஆராய்ந்து, வீடுகளைக் கணக்கெடுத்து, மக்களிடம் கேட்டறிந்து, திட்டம் வரைந்து ஆசிரியர் முன் வைக்க வேண்டும். வெறும் மனப்பாடம் இங்கே உதவாது.

பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதம் பயின்றோர் இதற்கு முயலலாம். டில்லி, போபால், விஜயவாடா ஆகிய நகரங்களில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் இப்படிப்பு உண்டு. அவற்றுள் விஜயவாடா நமக்கு அணித்தானது. ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கெனத் தனித் தாள் உளது. அதில் கணிதம், பொதுத்திறன், திட்டமிடல் சார்ந்த வினாக்கள் அமையும். பௌதிகமும் இரசாயனமும் இல்லை. 2021 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுத இயலுகிறது. கல்லூரியிற் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதை முன்னரே அறிந்து மாணவர் ஆயத்தமாதல் நலம். பட்டம் பெற்றோர்க்கு நகர் ஊரமைப்புத் துறை, பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சிகள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை பணிக்களங்கள்.

பணிக்கு மேலான பயனும் ஒன்றுண்டு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளை அறியும். மழைநீர் எந்த வயலில் தேங்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளை அறியும். வலை உலர்த்தும் மணல் வெறும் புறம்போக்கு அன்று என்பதை எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளை அறியும். இவ்வறிவு பெற்றோர் வரைபடத்தின் முன் அமர்ந்தாலன்றி, வரைபடத்தில் நம் வாழ்க்கை இடம்பெறுவது அரிது.

பிள்ளைகள் படித்து வரும் வரையில் பெரியோர் வாளாவிருக்கவும் வேண்டுவதில்லை. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டத்தின் வரைவு வெளியாகுங்கால், அதனைச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைத்துப் படியுங்கள். தறிக்கூடமும் வாய்க்காலும் களமும் அதில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பிழை இருப்பின் குறித்த காலத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தனியொருவர் மனுவினும் ஒரு சங்கத்தின் தீர்மானம் வலிமையுடையது என்பதைக் கூட்டுறவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.