இரு நாட்டுச் சூளை கண்ட பீங்கான்

சீனப் பீங்கான் என்றவுடன் வெண்மையும் நீலமுமே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். ஐரோப்பிய அரும்பொருட் காட்சிச்சாலைகளில் வேறொரு வகையும் உண்டு. கிண்ணத்தை வனைந்து சுட்டவர் சீனத்துச் சிங்தேசென் நகரத்துக் குயவர்; அதன்மேல் உள்ள சிவப்பையும் பச்சையையும் பொன்னையும் தீட்டியவர் ஹாலந்து நாட்டார். முடிந்த பொருளை வாங்கி மீண்டும் சூளையில் இடுவானேன்? உடையாமல் அது எவ்வாறு இயன்றது?

இரண்டாம் வினாவை முதற்கண் காண்போம். நீலம் கோபால்ட்டிலிருந்து பெறப்படுவது. அதனைச் சுடாத மண்ணின்மீது தீட்டி, மேலே மெருகு பூசி, ஏறத்தாழ 1300 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுவர். நீலம் மெருகின் அடியில் நிலைத்துவிடும். மற்ற நிறங்களுள் பெரும்பாலானவை அவ்வெப்பத்தைத் தாங்கா. ஆதலின் அவற்றைக் கண்ணாடித் தூளோடு குழைத்து, முன்னரே சுட்ட மெருகின்மேல் தீட்டி, 800 பாகையை ஒட்டிய குறைந்த சூட்டில் மறுமுறை சுடுவர். அச்சூட்டில் மெருகு உருகுவதில்லை. வண்ணம் மட்டும் உருகி அதனோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த மறுசூட்டைச் சீனத்திலேயே செய்தாக வேண்டும் என்பதில்லை. பல்லாயிரங் கல் தொலைவில், பல ஆண்டு கழித்தும் செய்யலாம்.

இனிக் காரணம். மெய்யான பீங்கான் செய்யும் முறை ஐரோப்பியர்க்கு நெடுங்காலம் கைவரவில்லை. சாக்சனியில் உள்ள மைசன் ஆலையே 1710-இல்தான் தோன்றியது. ஆனால், வண்ணந் தீட்டவல்லவர் அங்கு நிறைய இருந்தனர். யப்பானியரின் கக்கியேமொன் பாண்டங்களில் செல்வர் மனம் பறிகொடுத்திருந்த காலம் அது. அவற்றின் விலையோ மிகுதி. சீனத்து வெள்ளைப் பாண்டத்தை மலிவாக வாங்கி வண்ணம் ஏற்றினால் நல்ல ஊதியம் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹாலந்தில் இத்தொழில் தழைத்தது. 'ஆம்ஸ்டர்டாம் பொன்ட்' என இவ்வகைக்குப் பெயர். பொன்ட் என்றால் பலநிறம்.

வெள்ளைப் பாண்டத்தோடு நின்றிருந்தால் குறைகூற இடமில்லை. ஏற்கெனவே நீல ஓவியம் உள்ள தட்டுகளிலும் சிலர் கைவைத்தனர். மலையும் ஓடமுமாய் அமைதியாக இருந்த படத்தின்மேல் சிவப்புப் பூக்களை அப்பினர். இதனை ஆங்கிலேயர் 'கிளாபர்' செய்தது என்பர். அது செருப்புத் தைப்போர் தோல் வெடிப்பை மறைக்கப் பூசும் கரும்பசையின் பெயராம்! ஏளனம் அச்சொல்லிலேயே இருக்கிறது.

எனினும் எல்லாரையும் அவ்வாறு ஒதுக்குவது நேர்மையாகாது. போகிமியாவில் இக்னாஸ் பிரைஸ்லர் என்பவர் கோலோவ்ராட் பிரபுவுக்காகச் சீனப் பாண்டங்களில் கருவண்ணம் தீட்டி, அதனை ஊசிமுனையால் கீறி மயிரிழை போன்ற கோடுகளை வெளிப்படுத்தினார். கண்ணாடி ஓவியரின் முறை அது. இலண்டனில் ஜேம்ஸ் கைல்ஸ் (1718–1780) தம் பட்டறையில் சீனப் பீங்கானுக்கும் வூஸ்டர் பீங்கானுக்கும் ஒருங்கே வண்ணமும் பொன்னும் ஏற்றினார். அவர் கையிருப்பில் ஒரு பகுதி 1774-இல் கிறிஸ்டி ஏலக்கூடத்தில் விற்கப்பட்டது. இவர்களை அப்பினவர் என்று எவ்வாறு சொல்வது?

அடையாளங் காண்பதில் ஓர் இடர் உண்டு. ஐரோப்பியப் படம் இருப்பதாலேயே ஐரோப்பியர் தீட்டியது எனக் கொள்ளலாகாது. கான்டன் நகரத்து ஓவியர் ஐரோப்பிய அச்சுப்படங்களையும் குலச் சின்னங்களையும் பார்த்து அப்படியே தீட்டி அனுப்பினர். மறுபுறம், சீன உருவங்களை ஹாலந்துக்காரர் வரைந்ததும் உண்டு. அங்கே உடையின் மடிப்பும் முகத்தின் வார்ப்பும் அவரைக் காட்டிக்கொடுக்கும். நீலப் படத்தின் கோடுகளை மதியாமல் வண்ணம் அதன்மேல் ஏறிக்கிடப்பது இன்னொரு குறி. மறுசூட்டில் மெருகின்மீது மிளகுத் தூள்போல் கரும்புள்ளிகள் தெறித்திருப்பதும் உண்டு. பழம் பாண்டத்தில் ஊறியிருந்த அழுக்கு சூட்டில் கருகியதன் தழும்பு அது.